நட்பை வளர்ப்பது வாங்கி உண்ணும் பலகாரமே!

நடுவர் அவர்களுக்கும், பர்மாவின் இந்த யாங்கூன் வெக்கையில் மின்விசிறிக்கு நேராக இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

'அயல்நாட்டில் நட்பை வளர்ப்பது நாம் கொடுக்கும் பண்டிகைப் பலகாரமா, வாங்கி உண்ணும் பலகாரமா?' இதுதான் தலைப்பு. கொடுப்பதே என்றார் எதிரணித் தலைவர். தீபாவளிக்கு இங்கே அரசு விடுமுறை, அன்றைக்குப் பக்கத்து பர்மியர் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோன கதையைச் சொன்னார். அதிரசத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அண்ணியின் கைப்பக்குவம் இந்தத் தெருவுக்கே தெரியும். ஆனால், கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டீர்களே அண்ணே, அவர்கள் வீட்டுக்குள் எப்போது போனீர்கள்?

கொடுப்பது சுலபம், நடுவர் அவர்களே. நம் அடுப்பு, நம் எண்ணெய், நம் ருசி. தட்டை நீட்டினால் வேலை முடிந்தது. அவர் வாயில் போட்டதும் 'எப்படி?' என்று முகத்தையே பார்ப்போம். பாவம், நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அவர் வேறு என்ன சொல்ல முடியும்? கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்பார்கள். அது தான தருமத்துக்குச் சரி. நட்பில் ஒரு கை எப்போதும் மேலேயே இருந்தால் அது நட்பா?

வாங்கி உண்பதுதான் கஷ்டம். ஏப்ரலில் நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில் இவர்களுக்குத் திஞ்சான், தண்ணீர்த் திருவிழா. நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில், கூட வேலை பார்க்கும் பர்மியத் தோழி மொன்லொன்யேபோ செய்ய என்னைக் கூப்பிட்டாள். சாப்பிட அல்ல, செய்ய. அக்கம்பக்கம் எல்லாம் கூடி உட்கார்ந்து உருட்டுகிற பலகாரம் அது. ஒட்டரிசி மாவைப் பிசைந்து, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கிள்ளி, நடுவில் பனைவெல்லத் துண்டு வைத்து மூடி, கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். வெந்ததும் உருண்டை தானாக மேலே மிதந்து வரும். அரித்தெடுத்துத் தேங்காய்த் துருவலைத் தூவிச் சுடச்சுடத் தின்ன வேண்டும். பால்கொழுக்கட்டை உருட்டிய கைக்கு இது ஒன்றும் புதிதில்லை. என் கை வேகத்தைப் பார்த்து ஒரு பாட்டி தன் பங்கு மாவையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

இதில் ஒரு விஷமம் உண்டு. சில உருண்டைகளில் வெல்லத்துக்குப் பதிலாக ஊசிமிளகாயை வைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. எனக்கு வந்தது அதுதான். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஊற்ற, கூட்டமே கைதட்டிச் சிரித்தது. பாட்டி சிரித்துக்கொண்டே வெல்லத்தைக் கிள்ளி என் வாயில் போட்டார். அதுவரை நான் அலுவலகத்திலிருந்து வந்த விருந்தாளி. அதற்குப் பிறகு யாரும் எனக்கு நாற்காலி தேடவில்லை, பாயில் நகர்ந்து இடம் விட்டார்கள். எத்தனை டப்பா அதிரசம் கொடுத்தால் இது கிடைக்கும்?

அப்புறம், எச்சில். இதை நம்மவர்கள் வெளியே பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். விருந்தாளி வந்தால் இவர்கள் முன்னால் வைப்பது லப்பெத். அரக்குப் பூசிய வட்டப் பெட்டியில் அறை அறையாகப் பிரித்து, ஊறிய தேயிலை, பொரித்த பூண்டு, வறுத்த வேர்க்கடலை, எள், காய்ந்த கூனி இறால். எல்லார் கையும் ஒரே பெட்டிக்குள். நாமோ அண்ணாந்து தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். முதல் தடவை கை கொஞ்சம் தயங்கும். தயங்கினாலும் போகிறதே, அதை அவர்கள் கவனிக்கிறார்கள்.

'எதைத் தொட்டாலும் ஙப்பி என்கிற மீன் விழுது, கூனி. சைவக்காரர்கள் என்ன செய்வது?' என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. தை, மாசியில் தமனெ கிண்டுகிறார்களே, அதில் என்ன இருக்கிறது? ஒட்டரிசி, தேங்காய், வேர்க்கடலை, எள், இஞ்சி, எண்ணெய். பெரிய இரும்புச் சட்டியைச் சுற்றி நின்று ஆண்பிள்ளைகள் மரத்துடுப்பால் கிண்டுவார்கள். ஷ்வேடகன் புத்தர் கோயிலில் போட்டியே நடக்கும். நம் வீட்டு ஆண்கள் பொங்கலன்று கரண்டியைத் தொடுகிறார்களா என்று நான் கேட்கவில்லை, அது வேறு பட்டிமன்றம். தவிர, சைவம் என்றால் இந்த ஊருக்குப் புரியாததா? வாசோ மாதம் தொடங்கித் தடிஞ்சுட் மாதம் வரை மூன்று மாத பௌத்த நோன்பில் கறியை விடுகிறவர்கள் எத்தனை பேர்! கூனி வேண்டாம் என்றால் ஒதுக்கி வைப்பார்கள். அதைச் சொல்லவும் உள்ளே போய் உட்கார வேண்டுமே.

எதிரணியின் பெரிய ஆயுதம் தோசை. யாங்கூன் டீக்கடையில் தோசையும் சமோசாவும் கிடைப்பது நம் பக்கத்து ஆட்கள் கொடுத்ததால்தானே என்றார்கள். கொடுத்தார்கள், சரி. அனவ்ரதா சாலைக் காளி கோயிலைத் தமிழர்கள் கட்டியது 1871இல். அன்றிலிருந்து சுட்டுக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் அது இங்கே தங்கியது எதனால்? இவர்கள் வாங்கித் தின்றதால். சமோசாவை வெட்டிப் போட்டு, முட்டைக்கோஸும் வெங்காயமும் புதினாவும் சேர்த்துப் பிசைந்து, தங்கள் ருசிக்கு மாற்றிக்கொண்டதால். வாங்கியவர் செய்த வேலைக்குக் கொடுத்தவர் பெயர் தட்டிக்கொண்டு போகலாமா? அண்ணன் கூட்டி வந்த சாட்சி எங்கள் கட்சிக்காரர், நடுவர் அவர்களே!

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் வாருங்கள். 1962இல் இங்கே ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, நம் மக்கள் சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். இங்கே இருந்தவரை அவர்களும் தீபாவளிக்குத் தட்டுத் தட்டாகக் கொடுத்தவர்கள்தான். சென்னையில் பிழைக்க வழி தேடி, பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டி போட்டபோது எதை விற்றார்கள்? அதிரசமா? அத்தோ விற்றார்கள். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய் விட்டுக் கையால் பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் சாயங்காலமானால் அந்த வண்டிகளைச் சுற்றிக் கூட்டம். பர்மியர்களோடு உட்கார்ந்து வாங்கித் தின்னாதவர் கைக்கு அந்தப் பிசையல் எங்கிருந்து வந்தது? அடுத்துப் பேச வரும் சகோதரி இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். நடுவர் கை மணிப்பக்கம் போகிறது, நானே உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.