மார்க்குக்குள் அடங்காத படங்கள்

(திரைப்படச் சங்கக் கூட்டம் ஒன்றில், இரண்டு படங்களுக்கு நடுவே பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

இப்போது பார்த்து முடித்த ‘எரேசர்ஹெட்’ படத்துக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? பயப்படாதீர்கள், கை தூக்கச் சொல்லப்போவதில்லை.

படத்துக்கு மார்க் போடுவது நமக்குப் பழகிய வேலை. ஆனந்த விகடனில் எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்தவர்கள் இந்த அரங்கில் பாதிப் பேராவது இருப்பீர்கள். அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச்சின் இந்தப் படம் வெளியான அதே 1977-இல்தான் நம் ஊரில் ‘16 வயதினிலே’ வந்தது. விகடன் அதற்கு 62.5 போட்டது. அந்த அரை மார்க்கைக் கொஞ்சம் கவனியுங்கள். அவ்வளவு நுணுக்கமாக எப்படிப் போட முடிந்தது? கிராமத்துக் கதைகள் அதுவரை எப்படி எடுக்கப்பட்டன, பாரதிராஜா எந்த இடத்தில் விலகிப் போனார் என்று பார்க்கப் பக்கத்தில் வேறு படங்கள் இருந்தன. எரேசர்ஹெட்டை எதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது?

அமெரிக்கர்களும் அன்றைக்கு முழித்தார்கள். ‘வெரைட்டி’ பத்திரிகை படத்தை வறுத்தெடுத்தது. பென் பேரன்ஹோல்ட்ஸ் என்ற விநியோகஸ்தர் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகத் திரையிட்டார். முதல் இரவு வந்த கூட்டம் சொற்பம். மனிதர் அசரவில்லை, ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒருவர் சொல்லி ஒருவர் வர, படம் வருடக்கணக்கில் நின்றது. 2004-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காத்து வைக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது. முதல் வாரத்திலேயே மார்க் போட்டு மூட்டை கட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சரி, அந்த விருந்துக் காட்சிக்கு வருகிறேன். நீங்கள் நெளிந்த இடம் அதுதான், பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஹென்றி தன் காதலி மேரியின் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறான். தட்டில் உள்ளங்கை அளவு கோழிகள். செயற்கையாகச் செய்தவை என்கிறார் மேரியின் அப்பா. நீயே வெட்டிப் பரிமாறு என்று கத்தியை ஹென்றியிடம் கொடுத்துவிடுகிறார். முள்கரண்டி பட்டதும் வெந்த கோழியின் கால்கள் மேலும் கீழும் அசைகின்றன. கருப்பாக ஏதோ வழிகிறது. மேரியின் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே வலிப்பு வந்தவர் போல் ஆகிறார். அப்பா சிரித்த முகம் மாறாமல் இருக்கிறார்.

ரத்தம் என்று பார்த்தால் நம் சண்டைப் படங்களில் இதைவிட நூறு மடங்கு ஓடுகிறது, பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறோம். இங்கே தொண்டை அடைப்பது ஹென்றியின் மரியாதையால். பெண் வீட்டில் முதல் முறையாகப் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளைக்குச் சாப்பாடு எப்படி இருந்தாலும் முகம் சுளிக்க முடியுமா? அவனும் அப்படித்தான். கத்தியைக் கீழே வைக்கவும் வழியில்லை, வெட்டவும் கை வரவில்லை. அந்தச் சங்கடம் நமக்கு நன்றாகத் தெரிந்த சங்கடம். அதன் நடுவில் கோழிக்கால் அசையும்போதுதான் வயிறு புரள்கிறது.

அப்புறம், ஒலி. லிஞ்ச்சும் ஆலன் ஸ்ப்ளெட் என்ற ஒலிக் கலைஞரும் சேர்ந்து செய்த வேலை. எங்கோ இயந்திரம் உறுமுகிறது, ஆவி சீறுகிறது, காற்று ஊதுகிறது. மேரி வீட்டில் தாய் நாயிடம் பால் குடிக்கும் குட்டிகளின் கீச்சொலி வேறு. காது ஓய்வதற்குப் படம் இடமே தருவதில்லை. வெளியே டீ குடிக்கப் போனபோது ஏ.சி. இயந்திரத்தின் இரைச்சல் உங்களுக்குக் கேட்டதா? உள்ளே வரும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. படம் உங்களை என்ன செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. இதற்கு எத்தனை மார்க்?

(படம் முடிய ஏறக்குறைய ஐந்து வருடம் ஆனது. ஹென்றியாக நடித்த ஜாக் நான்ஸ் செங்குத்தாக நிற்கும் அந்தத் தலைமுடியை அத்தனை காலமும் காப்பாற்றி வைத்திருந்தார், பாவம். ஹென்றிக்கும் மேரிக்கும் பிறக்கும் அந்த விசித்திரக் குழந்தையைத் திரைக்காக எப்படிச் செய்தார் என்பதை லிஞ்ச் 2025 ஜனவரியில் இறக்கும் வரை வெளியே சொல்லவில்லை.)

அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு நட்சத்திரக் கணக்கில் படங்களை அளந்தவர். 1986-இல் லிஞ்ச்சின் ‘புளூ வெல்வெட்’டுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். அதே படத்துக்காக லிஞ்ச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். ஈபர்ட் சொன்ன காரணம், நடிகை இசபெல்லா ரோசெலினி திரையில் அவமானப்படுத்தப்பட்ட விதம். எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனாலும் அவர் வைத்த குற்றச்சாட்டுக்கு முகம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதோடு ஒருவர் மல்லுக்கு நிற்கலாம். ஒற்றை நட்சத்திரத்தோடு என்ன பேசுவது? 2010-இல் ‘தி ஹ்யூமன் சென்டிபீட்’ என்ற திகில் படம் வந்தபோது இந்தப் படத்துக்கு நட்சத்திரமே போட மாட்டேன் என்று எழுதிவிட்டார். அளந்தவரே அளவுகோலைக் கீழே வைத்த இடம் அது.

குமட்ட வைத்தால் பெரிய படம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்டிபீட்டின் கருவை ஒரு வரியில் சொன்னாலே அருவருப்பு வந்துவிடும், அதற்கு மேல் படம் தருவது குறைவு. எரேசர்ஹெட்டின் கதையை முழுக்கச் சொல்லிப் பாருங்கள், கேட்டவருக்கு ஒன்றும் ஆகாது. திரையில்தான் அது நடக்கிறது. நான் பார்க்கும் வித்தியாசம் இவ்வளவுதான்.

அடுத்தது ‘பொசெஷன்’, 1981. போலந்து இயக்குநர் ஜுவாவ்ஸ்கி, சுவர் நின்ற காலத்து மேற்கு பெர்லினில் எடுத்தது. இசபெல் அஜானிக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கித் தந்ததில் இதற்குப் பங்குண்டு. அமெரிக்காவில் 40 நிமிடத்துக்கு மேல் வெட்டி எறிந்து, பூதப் படம் மாதிரி விற்றுப் பார்த்தார்கள். கணவன் மனைவி பிரியும் கதையில் பாதி காணாமல் போனது. இன்று நாம் பார்ப்பது முழு வடிவம், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சுரங்கப்பாதையில் அஜானி மளிகைப் பையோடு நடந்து வரும் காட்சியில் யாருக்காவது எழுந்து போகத் தோன்றினால் தாராளமாகப் போங்கள். ஆனால் எந்த நொடியில் எழுந்தீர்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் நான் கேட்கப்போவது அதைத்தான்.