மேளத்துக்கு ஆள் வேண்டும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசிக்கிறவன். செல்போன் வந்த பிறகு கலைஞர்களுக்குள் தொழில் தொடர்பு எப்படி இருக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுவதைவிட வாசிப்பது எனக்குச் சுலபம். இருந்தாலும் சொல்கிறேன்.

தை, வைகாசி, ஆவணியில் பெரிய முகூர்த்தம் வந்தால் கும்பகோணம் தொடங்கி நாகப்பட்டினம் வரை மண்டபம் காலியிருக்காது. அன்றைக்குத் தவிலுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பெல்லாம் பஸ் ஏறி வீடு தேடிப் போவோம். போனால், "அவங்க நேத்தே கச்சேரிக்குப் போயிட்டாங்களே" என்பார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும்.

போன வைகாசியில் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்யாணம். விடிந்தால் முகூர்த்தம், எங்கள் தவில்காரருக்கு ராத்திரி கை வீங்கிவிட்டது. குழுவில் போட்டேன். மூன்று பேர் வருகிறேன் என்றார்கள். இரண்டு பேர் வீடியோவும் அனுப்பினார்கள். தவில் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம், பிரமாதம், விரல் பறக்கிறது! மூன்றாமவர் எதுவும் அனுப்பவில்லை. ஆனால் அவரோடு ஒரு தேர்த் திருவிழாவில் நான்கு வீதியும் வாசித்துக்கொண்டே நடந்திருக்கிறேன். அவரைத்தான் வரச்சொன்னேன்.

ஏன் என்றால், கல்யாண மேளத்தில் தனி பெரிய விஷயமில்லை. சாஸ்திரிகள் கையைத் தூக்கி "கெட்டிமேளம்" என்றதும், நான் ராகத்தில் எந்த மூலையில் நின்றாலும் தவில் அடி அந்த நொடியே விழ வேண்டும். தவில்காரருக்கு ஒரு கண் என்மேல், ஒரு கண் மணமேடைமேல் இருக்க வேண்டும். நான் ஆலாபனை செய்யும்போது அவர் கை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கிற கையை யாராவது வீடியோ எடுத்துப் போடுவார்களா? பக்கத்தில் நின்றவனுக்குத்தான் அது தெரியும். ஆனால் ஒன்று, அவர் அன்றைக்கு ஒழிவாக இருக்கிறார் என்று எனக்குச் சொன்னது அந்தக் குழுதான்.

நாயனத்தின் நுனியில் பொருத்தி ஊதுகிற சீவாளியும் இப்படித்தான். (இதைத் தொட்டால் நான் நிறுத்தமாட்டேன், நிலையத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைவார்கள். மரம் எவ்வளவு உசத்தியானாலும் பேசுவது வாயில் வைக்கிற சீவாளி. அதைத் திருவாவடுதுறையில் நாணலில் செய்கிறார்கள். படம் அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? உதட்டில் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். ஒன்று காற்றைத் தின்னும், ஒன்று கீச்சென்று கத்தும். செய்கிறவர் திரும்ப வாங்கி நுனியை லேசாகச் சீவிக் கொடுப்பார். மறுபடி ஊது, மறுபடி சீவு. அந்தத் திண்ணையில் காத்திருக்கும்போதுதான் வேற்றூர் வித்வான்கள் பழக்கமாகிறார்கள். எந்தக் கோயில் உற்சவத்துக்கு மேளம் மாறுகிறது, எந்த வீட்டார் சம்பளத்தில் பாக்கி வைப்பார்கள், எல்லாம் அங்கே காதில் விழும். குழுவில் யாரும் அதை எழுதமாட்டார்கள். எழுதவும் கூடாது. "சீவாளி தயார், வரலாம்" என்று இப்போது செய்தி வருகிறது. ஒரு நடை மிச்சம், அவ்வளவுதான். திண்ணைக்குப் போகத்தான் வேண்டும்.

திருவையாறு தியாகராஜ ஆராதனைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன். வாசித்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். பெரியவர்கள் வாசிப்பதை உட்கார்ந்து கேளுங்கள், அப்புறம் போய் நம்பர் வாங்குங்கள். முகம் தெரிந்தவர் நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் யாரும் எடுப்பார்கள்.

யூடியூப்பில் கச்சேரி போடுவது பற்றியும் நிறைய எழுதி எடுத்து வந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்தார் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று. குழுவில் ஆள் கேட்கும்போது "நாளைக்குத் தவில் வேணும்" என்று மட்டும் போடாதீர்கள். தேதி, ஊர், எத்தனை கட்டை சுருதி, என்ன சம்பளம், நாலையும் போட்டுவிடுங்கள். ஆள் கிடைத்ததும் "கிடைத்துவிட்டது" என்றும் போடுங்கள். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் எனக்குப் போன் வருகிறது. வணக்கம்.