ரசனை மாறலீங்க, மேல்பூச்சுதான் மாறுச்சு

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், நம்ம சேலம் அஞ்சு ரோட்டு ட்ராபிக்ல மாட்டி வேர்த்து விறுவிறுத்து வந்து உக்காந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

இளவட்டப் படம் பாக்கறவங்க ரசனை மாறிடுச்சா இல்லையான்னு தலைப்பு. மாறிடுச்சுன்னு எதிரணி அக்கா அடிச்சுப் பேசிட்டுப் போனாங்க, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே கெடையாதாம், எல்லாம் ரீல்ஸ் ஸ்பீடாம். ஏங்க்கா, 1991ல 'இதயம்' படத்துல முரளி காதலைச் சொல்ல முடியாம தவிச்சாரு, எங்க சித்தப்பா அழுதாரு. 2018ல '96' வந்துச்சு, பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்ச லவ்வ சொல்லாமயே விஜய் சேதுபதி வருஷக்கணக்கா சுமக்கறாரு, அந்தப் பொறுமையில்லாத பசங்கதானங்க அழுதாங்க? நடுவுல 27 வருஷம், கர்சீப்பு மட்டும்தான் மாறியிருக்கு.

நம்ம ஊரு தட்டுவடை செட்டு மாதிரிங்க இது. பூண்டு செட்டு, மாங்கா செட்டுன்னு பேரு வச்சுட்டே போறாங்க, பிரிச்சுப் பாத்தா நடுவுல அதே பீட்ரூட் கேரட் துருவல்தான். 1981ல 'அலைகள் ஓய்வதில்லை'ல காதலை மதத்தச் சொல்லி எதுத்தாங்க, 2004ல 'காதல்'ல சாதியச் சொல்லிப் பிரிச்சாங்க, 2022 'லவ் டுடே'ல பொண்ணோட அப்பா பெருசா ஒண்ணும் சிரமப்படல, ரெண்டு பேரு செல்போனையும் ஒரு நாளைக்கு மாத்திக் கொடுத்தாரு, அவ்ளோதான், அதுங்களே அடிச்சுக்குச்சு. ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கற பழைய படக் கம்பெனியோட வளைவு நிக்குதே, அவங்க 1956ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தப்பவும் கலருதான் புதுசு, குகையும் திருடனும் பழசுதான.

ஒரு விஷயம் அக்கா சொன்னது உறைச்சுதுங்க. பொண்ணு பின்னாடியே சுத்தற ஹீரோவுக்கு அப்ப விசில் அடிச்சோம், இப்ப திட்டறாங்க, இது மாற்றம் இல்லையான்னு கேட்டாங்க. எங்கம்மாகிட்ட கேட்டேன். "எனக்கு அப்பவே புடிக்கலடா, விசிலு சத்தத்துல யாருக்குக் கேட்டுச்சு"ன்னுச்சு. புடிக்காததச் சொல்ல இப்ப கையில போன் இருக்கு, அதான் வித்தியாசம்.

ஐயா மணியில கை வைக்காதீங்க, ஒரே நிமிஷம். 2024ல 'கில்லி' மறுபடி ரிலீஸ் ஆச்சுல்ல, நம்ம சேலத்துத் தியேட்டர்லதான் பாத்தேன், பக்கத்து சீட்டுல ஒரு ப்ளஸ் டூ பையன். படம் மொதல்ல வந்தது 2004, அப்ப அவன் பொறக்கவே இல்ல. ஆனா பிரகாஷ்ராஜ் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே வசனத்த இவன் சொல்லிடறான், என்னால பிரகாஷ்ராஜையே கேக்க முடியலீங்க!