எடை மாறவில்லை, பெல்ட் ஓட்டை மாறியது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'எடை சரியாக இருப்பவர் உடல் கொழுப்பைப் பற்றிக் கவலைப்படுவது அவசியமா, அநாவசியமா?' இதுதான் தலைப்பு. அவசியம் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கல்லூரிப் பெண்ணின் கதையைச் சொன்னார். 52 கிலோ எடையுள்ள பெண், வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள் என்றார். 'உங்கள் அணி பரப்பும் நோய் இதுதான்' என்று முடித்தார். அந்தப் பெண்ணை நான் மறக்க மாட்டேன், அவளிடம் வருகிறேன். அதற்கு முன் எங்கள் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் ஐந்தடி ஏழு அங்குலம். இருபத்தேழு வயதில் கல்யாணம் ஆனபோது 64 கிலோ. ரயில் நிலையத்தில் கலர் கலராக விளக்கு சுற்றும் எடை மெஷின் நம் எல்லாருக்கும் தெரியும். காசு போட்டால் டொக்கென்று ஒரு அட்டைச் சீட்டு விழும். ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன் அதில் ஏறாமல் வெளியே வர மாட்டார். சீட்டை பர்ஸில் வைத்துக்கொள்வார். 64, 63, 65, மறுபடியும் 64. பதினைந்து வருஷம் இதே கணக்குதான். அம்மாவுக்கு அதுவே பெரிய குறை. 'எவ்வளவு போட்டாலும் என் பிள்ளைக்கு உடம்பு தேறவே மாட்டேங்குதே' என்று சொல்லிச் சொல்லி இலையில் இன்னொரு கரண்டி சோறு வைப்பார்.

நாற்பத்திரண்டு வயதில் அவர் கம்பெனியில் மெடிக்கல் செக்-அப் செய்தார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் 8.1 சதவீதம், அதாவது சர்க்கரை நோய். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. 'குச்சி மாதிரி இருக்கிறவனுக்கு சுகரா? வேற யார் ரத்தத்தையாவது மாத்திப் பார்த்திருப்பாங்க' என்றார் சித்தப்பா. வேறு இடத்தில் மறுபடியும் பரிசோதித்தோம். அதேதான் வந்தது.

அன்று ராத்திரி அண்ணி, அண்ணனுடைய பெல்ட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கல்யாணத்துக்கு வாங்கிய பழுப்பு நிறத் தோல் பெல்ட். மூன்றாவது ஓட்டைக்குப் பக்கத்தில் பக்கிள் அழுந்திய பழைய கோடு இருந்தது. நாலாவதிலும் ஒரு கோடு. ஐந்தாவது ஓட்டையைச் சுற்றித் தோல் வெடித்திருந்தது. அதையும் தாண்டி நுனிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஓட்டை, ஆணியைக் காய்ச்சிக் குத்தியது, ஓரமெல்லாம் கருகியிருந்தது. பர்ஸ் நிறைய ஒரே எடை காட்டும் சீட்டுகள், இடுப்பில் இந்த பெல்ட். இரண்டும் ஒரே ஆளுடையவை.

நடுவர் ஐயா, எடை கூடாமல் இடுப்பு மட்டும் எப்படிப் பெருத்தது? வயது ஏற ஏற, உட்கார்ந்தே வேலை பார்க்கப் பார்க்க, கையிலும் தொடையிலும் இருந்த தசை குறைந்தது. அந்த இடத்துக்கு வயிற்றுக்குள் கொழுப்பு வந்து சேர்ந்தது. மூன்று கிலோ தசை போய் மூன்று கிலோ கொழுப்பு வந்தால் மெஷினுக்கு என்ன தெரியும்? அது மொத்தத்தைத்தான் சொல்லும்.

இது ஒரு வீட்டுக் கதை என்று எதிரணியினர் தள்ளிவிடலாம். அதனால் இன்னொரு சாட்சி. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் அருகருகே நிற்கும் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்குக்குப் பெயர் பி.எம்.ஐ. இருவருக்கும் அது ஒன்றேதான், 22.3. நல்ல எடை. உடல் கொழுப்பை அளந்து பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடைக் கணக்கில் இரட்டையர், கொழுப்பில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்! யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. தொட்டிலிலேயே ஆரம்பிக்கிற விஷயம் இது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் 'பி.எம்.ஐ. சரியாக இருந்தால் போதும், டாக்டர்களே அதைத்தான் பார்க்கிறார்கள்' என்றார். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? பெல்ஜியத்தில் வாழ்ந்த வானியல், புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்லே 1830-களில் போட்ட கணக்கு. அவர் தேடியது மக்கள்தொகையின் சராசரி மனிதனை. ஒருவரின் கல்லீரலை நினைத்து அவர் அதைப் போடவில்லை. 'பி.எம்.ஐ.' என்ற பெயரே 1972-ல்தான் வந்தது. ஆசிய மக்களுக்கு 25 வரை காத்திருக்கக் கூடாது, 23-லேயே கவனம் வேண்டும் என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. எங்கள் அண்ணனுக்கு எவ்வளவு தெரியுமா? 22. அந்தக் கோட்டுக்கும் கீழே! 2025-ல் லான்செட் ஆணையமும் பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவரின் உடலை முடிவு செய்யாதீர்கள், இடுப்பையாவது அளந்து பாருங்கள் என்றது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2023-ல் வெளியான, ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். அதே ஆய்வில் பி.எம்.ஐ. கணக்குப்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். கழித்துப் பாருங்கள். நூற்றுக்குப் பத்துப் பேராவது, எடைக் கணக்கு 'பருமன் இல்லை' என்று அனுப்பிவிட்ட பிறகும், தொப்பைக்குள் ஆபத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள்.

'கவலையே ஒரு நோய்' என்றும் சொன்னார்கள். சரி, தமிழில் யாரையாவது 'குடும்பத்தைப் பத்தி கவலையே இல்லாத ஆளு' என்று சொன்னால் அது பாராட்டா? கவலை என்றால் நமக்கு அக்கறையும்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தையல்காரர் வைத்திருக்கும் டேப்பை எடுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, நம்மவர்களுக்கு அதுதான் எல்லை. உங்கள் உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருப்பது நல்லது. நான் கேட்கும் கவலை இவ்வளவுதான். இதில் யாருக்குத் தூக்கம் கெடப்போகிறது?

இப்போது அந்தப் பெண்ணிடம் வருகிறேன். அவள் எனக்கும் மகள்தான். அவள் விரலில் கிள்ளிப் பிடித்தது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. பெண்ணின் உடலுக்கு அது வேண்டும். அளவுக்கு மீறிக் குறைந்தால் மாதவிடாயே நின்றுபோகும். கெடுதல் செய்வது குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்கிற கொழுப்பு, அதைக் கிள்ளவே முடியாது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். எங்கள் அண்ணனுக்கு வயசாகி நடந்தது இவளுக்கு இருபதிலேயே நடக்கும். இதையெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளுக்குக் கிடைத்ததெல்லாம் போனில் வருகிற படங்கள்தான். 'கவலைப்படாதே' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டுக்குப் போய் மறுபடியும் கிள்ளிப் பார்ப்பாள். டேப்பைக் கையில் கொடுத்து, அளந்து காட்டி, எந்தக் கொழுப்பு எது என்று சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்து சாப்பாடு போடுவோம். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போவோம். அவளுக்காகப் பேசுவதும் எங்கள் அணிதான், நடுவர் ஐயா.

அண்ணன் மருந்து எடுத்துக்கொள்கிறார். காலையில் நடக்கிறார். வாரத்தில் மூன்று நாள் பளு தூக்குகிறார். போன பொங்கலுக்கு வந்தபோது சீட்டில் 63, பெல்ட் நாலாவது ஓட்டையில். அவர் மகனும் ஒல்லி. 'இவனும் தேற மாட்டேங்கிறானே' என்று அம்மா சோற்றுக் கரண்டியோடு வந்தார். அண்ணன் அதை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, மகன் இலையில் இரண்டு கரண்டி அவரைக்காய்க் கூட்டைப் போட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.