கேட்டலிஸ்ட் 2960: எல்லா வரியும் இருக்கிறது, பூட்டு மட்டும் இல்லை

வணக்கம். பின்னால் ஓர் இரைச்சல் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி இல்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 நெட்வொர்க் ஸ்விட்ச்சின் ஃபேன். நீல கன்சோல் கேபிளை மாட்டிவிட்டேன். ஸ்விட்ச்சுக்குக் கட்டளை அடிக்கும் புட்டி மென்பொருளில் சீரியல், வேகம் 9600. இன்றைக்கு இதில் போர்ட் செக்யூரிட்டி போடப் போகிறோம்.

எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த மேக் அட்ரஸ் (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள வன்பொருள் முகவரி) எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் ஒரு டேபிள் வைத்திருக்கும். இந்த மாடலில் சுமார் 8,000 முகவரிகள் கொள்ளும். மேக்காஃப் மாதிரி ஒரு கருவியை ஓடவிட்டால், போலி முகவரிகளை அள்ளிக் கொட்டி அந்த டேபிளை நிரப்பிவிடும். இடம் தீர்ந்ததும் புதிதாக யாரையும் நினைவில் வைக்க முடியாது. டேபிளில் இல்லாத முகவரிக்கு வரும் ஃபிரேமை, அதாவது தரவுப் பொட்டலத்தை, அந்த விலேனில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) இருக்கும் எல்லா போர்ட்டுக்கும் ஸ்விட்ச் அனுப்பத் தொடங்கும், பழைய ஹப் மாதிரி. அப்போது உங்களுக்கு வருவதைப் பக்கத்து மேசைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு போர்ட்டுக்கு இத்தனை மேக்தான் என்று வரம்பு வைத்துவிட்டால் இந்த வேலை பலிக்காது.

சரி, உள்ளே போகலாம். "எனேபிள்", "கான்ஃபிக் டி", "இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈத்தர்நெட் 0/5". முதலில் "ஸ்விட்ச்போர்ட் மோட் அக்சஸ்". இதை விட்டுவிட்டால், இது டைனமிக் போர்ட் என்று சொல்லிப் பிறகு மறுத்துவிடும். அடுத்து "ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி மேக்ஸிமம் 2". ஏன் 2 என்றால், இந்த மேசையில் ஓர் ஐபி ஃபோன், அதன் வழியாக ஒரு பிசி. அதே மாதிரி, வரம்பு மீறினால் என்ன செய்வது என்பதற்கு "வயலேஷன் ரெஸ்ட்ரிக்ட்" ஒரு வரி, செருகிய கருவியின் முகவரியைத் தானே பிடித்துவைக்க "மேக்-அட்ரஸ் ஸ்டிக்கி" ஒரு வரி.

முடிந்ததா? இப்போது ஓடும் கான்ஃபிக்கைக் காட்டும் "ஷோ ரன்" பாருங்கள், மூன்று வரியும் லட்சணமாக நிற்கிறது. இப்போது "ஷோ போர்ட்-செக்யூரிட்டி இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈத்தர்நெட் 0/5". முதல் வரியைப் படியுங்கள். போர்ட் செக்யூரிட்டி: டிஸேபிள்டு.

வால் எதுவும் இல்லாமல் வெறும் "ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி" என்று ஒரு வரி போட வேண்டும். அதுதான் பூட்டு. மற்ற மூன்றும் எப்படிப் பூட்ட வேண்டும் என்ற விவரம், அவ்வளவே. ஓர் அலுவலகத்தில் நான் இதைப் போடாமலே ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். மேலாளருக்குச் செய்து காட்டுகிறேன் பேர்வழி என்று என் லேப்டாப்பைச் செருகினேன். அது பாட்டுக்கு இன்டர்நெட்டில் போய்க்கொண்டிருக்கிறது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மறப்பதற்குக் காரணமும் உண்டு. ஆட்கள் வேலை பார்க்கும் போர்ட்டில் அந்த வரியை நான் கடைசியில்தான் போடுவேன். முதலிலேயே போட்டால், நாம் எதுவும் சொல்லாதபோது ஸ்விட்ச் எடுத்துக்கொள்வது மேக்ஸிமம் 1, வயலேஷன் ஷட்டவுன். ஃபோனும் பிசியும் இருக்கும் போர்ட்டில் இரண்டாவது மேக் பேசிய நொடியே கதவு சாத்தப்படும். ஆகவே கடைசியில் போடுங்கள், ஆனால் போடுங்கள்.

வயலேஷனில் முக்கியமாக மூன்று வகை. புரொடெக்ட் எனக்குப் பிடிக்காது. ஃபிரேமைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும், லாக்கில் ஒரு வரிகூட வராது, நமக்குத் தலைவலி. ரெஸ்ட்ரிக்ட்டும் தூக்கித்தான் போடும், ஆனால் லாக் எழுதும், கவுண்டரும் ஏறும். ஷட்டவுன் என்றால் போர்ட் எர்-டிஸேபிள்டு, அதாவது பிழையால் முடக்கப்பட்டது, ஆகிவிடும். நாம் போய் "ஷட்டவுன்", "நோ ஷட்டவுன்" கொடுத்தால்தான் எழும். தானாக எழ வேண்டும் என்றால் "எர்டிஸேபிள் ரெகவரி காஸ் பிசெக்யூர்-வயலேஷன்". சும்மா விட்டால் அதற்கு 300 நொடி.

ஸ்டிக்கி பற்றி ஒன்று. அது கற்றுக்கொண்ட முகவரிகள் ரன்னிங் கான்ஃபிக்கில்தான், அதாவது இன்னும் சேமிக்காத ஓடும் அமைப்பில்தான், உட்காரும். "ரைட் மெமரி" கொடுக்காமல் விட்டால், கரண்ட் போய் வந்ததும் எல்லாம் போச்சு. இன்னொன்று, ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி, அதே விலேனில் இன்னொரு செக்யூர் போர்ட்டில் செருகினால் அதுவும் வயலேஷன்தான். மேசை மாற்றுகிறவர்கள் முன்கூட்டியே நம்மிடம் சொல்லப் போவதும் இல்லை. பழைய போர்ட்டில் "கிளியர் போர்ட்-செக்யூரிட்டி ஸ்டிக்கி" கொடுத்துத்தான் விடுவிக்க வேண்டும்.

என் பெரிய சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பில் உட்கார்ந்து, சோம்பேறித்தனமாக "இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் ஃபாஸ்ட்ஈத்தர்நெட் 0/1 - 24" என்று அடித்து மொத்தமாகப் போட்டேன். 24-ஆவது போர்ட் அப்லிங்க், அதாவது மற்ற நெட்வொர்க்கோடு சேர்க்கும் இணைப்பு. அந்தப் பக்கத்து மெஷின்கள் எல்லாம் அந்த ஒரு போர்ட்டில்தான் தெரியும். வரம்பு தாண்டியது, போர்ட் படுத்தது, என் எஸ்எஸ்ஹெச்சும் சேர்ந்து செத்தது. ராத்திரி பத்தரை மணிக்குக் கன்சோல் கேபிளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். தூரத்திலிருந்து கை வைப்பதற்கு முன் கான்ஃபிக்கைச் சேமித்துவிட்டு "ரீலோட் இன் 10" கொடுப்பேன். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீபூட் ஆகி, சேமித்த பழைய கான்ஃபிக்கோடு எழுந்துவிடும். எல்லாம் சரி என்றால் "ரீலோட் கேன்சல்", அப்புறம் "ரைட் மெமரி". நடுவில் மட்டும் சேமித்துவிடாதீர்கள்.

மேக் அட்ரஸை யாரும் மாற்றிக்கொள்ளலாம், அதனால் இது ஆளை அடையாளம் காணும் முறை இல்லை. அது வேண்டுமென்றால் 802.1எக்ஸ் என்ற உள்நுழைவுச் சரிபார்ப்பு முறையின் பக்கம் போக வேண்டும். அது பெரிய வேலை, வேறொரு நாள்.

இப்போது சோதனை. விட்டுப்போன வரியைப் போட்டுவிட்டேன், உங்களுக்குக் கண்ணில் தெரியட்டும் என்று வயலேஷனை ஷட்டவுனுக்கு மாற்றியிருக்கிறேன். ஃபோன், பிசி இரண்டையும் ஸ்டிக்கி பிடித்துவிட்டது. பிசியைக் கழற்றி என் லேப்டாப்பைச் செருகுகிறேன். கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன், ஐந்தாவது விளக்கைப் பாருங்கள். பச்சை… பச்சை… ஆரஞ்சு. அவ்வளவுதான், ஃபேனை நிறுத்திவிடுகிறேன், காது வலிக்கிறது.