படியேறி வருகிறவர் பக்கம்

நடுவர் அவர்களே, வணக்கம். முதியோர் உடல்நலத்தைப் பெரிதும் காப்பது பெரிய மருத்துவமனையா, வீடு தேடி வரும் செவிலியரும் அக்கம்பக்கமுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரணித் தலைவர் கிண்டியைக் காட்டி மிரட்டிவிட்டுப் போனார். 2024 பிப்ரவரியில் அங்கே திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை, 200 படுக்கை. நல்லது. அவர் விட்ட ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன்: சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப்பிரிவை 1978-லேயே தொடங்கியவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். எங்களுக்கும் அதில் பெருமைதான். ஆனால் ஐயா, கிண்டிக்குப் போக முதலில் மாடியிலிருந்து இறங்கணுமே!

வியாசர்பாடிப் பக்கம் ஹவுசிங் போர்டு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எனக்குப் பெரியம்மா முறை, 74 வயது. காலில் வீக்கம், பிரஷர் குறையவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கூட்டினார்கள். அடுத்த மாதமும் குறையவில்லை, இன்னொன்றைக் கூட்டினார்கள்.

வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற அம்மா ஒருநாள் மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணினார். ஒரு அட்டை மட்டும் பிரிக்கவே இல்லை. நீர் பிரிய வைக்கும் மாத்திரை.

"ஏன் பெரிம்மா இத போடல?"

"அத போட்டா பத்து வாட்டி பாத்ரூம் போவணும். ஊத்துறதுக்குத் தண்ணி? கீழருந்து யாரு தூக்கினு வர்றது?"

அந்த அம்மா எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டார். தினமும் காலையில் கூடுதலாக ரெண்டு குடம். அவ்வளவுதான். மாத்திரை வயிற்றுக்குள் போனது, பிரஷர் குறைந்தது. அந்தக் குடம் எந்த ஸ்கேனில் தெரியும், நடுவர் அவர்களே?

இடுப்பெலும்பு உடைந்தால் ஆஸ்பத்திரிதான், மறுக்கவில்லை. உடைவது எங்கே? ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்து, தலை சுற்றி, ஈரத் தரையில். படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தால் மேல் எண் 20 குறைகிறதா என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வரும் நர்ஸ் அதையும் பார்ப்பார், வழுக்குகிற கால்மிதியையும் போகிற போக்கில் ஓரமாகத் தள்ளிவிடுவார்.

குறை இல்லையா? இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் பெண் தன்னார்வலர்களுக்கு நாம் கொடுப்பது ஊக்கத்தொகை. சம்பளம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கும் முட்டி வலிக்கும். அதைச் சரிசெய்யச் சொல்வதும் எங்கள் அணிதான்.

சரி, மணி அடிக்கக் கை போகிறது. இந்த மேடைக்கு நாலு படி. ஏறும்போது நடுவர் ஐயா என் தோளைத்தான் பிடித்துக்கொண்டார். தீர்ப்பு சொல்லும்போது அது ஞாபகம் இருக்கட்டும்.