குச்சி அளவும் கடல் பயணமும்

தருமபுரி வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். சின்ன விமானங்களை ஓட்டியும், ஓட்டக் கற்றுக்கொடுத்தும் காலம் போயிருக்கிறது. கடலே இல்லாத மாவட்டத்துக்காரன் கடல் மேல் பறப்பதைப் பற்றி ஏன் பேச வந்தான் என்று நீங்கள் நினைக்கலாம். அரூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேசப் போயிருந்தேன், அங்கே ஒரு பெண் எழுந்து, "கீழே தண்ணி இருந்தா என்ன, நிலம் இருந்தா என்ன சார், இன்ஜினுக்குத் தெரியவா போகுது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அன்றைக்கு மணி அடித்துவிட்டதால் அவளுக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கரண்ட் வருவதற்கு முன்னால் டீசல் இன்ஜின்தான். அப்பா காலையில் டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு எத்தனை லிட்டர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓடும், கிழக்குப் பாத்தி வரைக்கும் பாயும்" என்பார். பல வருஷம் கழித்து விமானம் ஓட்டக் கற்றபோது முதல் பாடமே அதுதான், தொட்டியில் இருப்பதை நேரமாகப் படி என்றார்கள். இறக்கை மேல் ஏறி மூடியைத் திறந்து அளவுக்குச்சி விட்டுத்தான் இன்றைக்கும் பார்க்கிறோம், ஏனென்றால் சின்ன விமானங்களில் எரிபொருள் முள்ளை அப்படியே நம்ப முடியாது. பயிற்சிக் காலத்தில் முள் பாதி காட்டிய தொட்டியில் குச்சி கால்வாசிதான் நனைந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். சென்னையிலிருந்து அந்தமானில் போர்ட் பிளேர், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்களே அந்த ஊர், சுமார் 1,370 கிலோமீட்டர். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 மாதிரியான ஒற்றை இன்ஜின் விமானம் மணிக்கு 220 கிலோமீட்டர் போகிறது, மணிக்கு 35 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாவிட்டால் 6 மணி 14 நிமிடத்தில் போய்விடலாம். ஆனால் இறக்கைத் தொட்டிகள் இரண்டிலும் சேர்த்து 200 லிட்டர்தான், அதாவது 5 மணி 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. காற்று அடிக்காத நாளிலேயே போய்ச் சேர முடியாது.

எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் பயணம் 7 மணி 37 நிமிடம் ஆகிவிடும். அப்புறம், அவசரத்துக்கு ஒதுக்கி வைக்கும் சேமிப்பு எரிபொருள். போர்ட் பிளேரில் ஒரே ஓடுதளம், அது மூடிக்கொண்டால் ஒதுங்கப் பக்கத்தில் வேறு பொது விமான நிலையம் இல்லை. இப்படித் தனியாகக் கிடக்கும் விமான நிலையங்களுக்குச் சர்வதேச விதியில் ஒரு கணக்கு உண்டு. பிஸ்டன் இன்ஜின் விமானம் என்றால் 45 நிமிடமும், பறக்கும் நேரத்தில் 15 சதவீதமும் கூடுதலாக வேண்டும், அல்லது இரண்டு மணி நேரம், எது குறைவோ அது. வாடகை விமானங்களுக்கான விதிதான், இருந்தாலும் சொந்த விமானத்தில் போகிறவரும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் கருத்து. நம் கணக்கில் அது 1 மணி 54 நிமிடம். மொத்தம் ஒன்பதரை மணி நேரத்துக்கு 333 லிட்டர், எடை மட்டும் 240 கிலோ. பின் சீட்டைக் கழற்றிக் கூடுதல் தொட்டி வைக்க வேண்டியதுதான். ஓசூர் மாதிரி உயரமான ஊரில், வெயில் ஏறின பிறகு இந்த எடையோடு எழும்பினால் விமானம் எவ்வளவு மெதுவாக ஏறும் என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கூடுதல் தொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலிருக்கும் பெட்ரோல் இறக்கைத் தொட்டிக்குத்தான் போகும். இறக்கைத் தொட்டி நிரம்பியிருக்கும்போதே அதைத் திறந்துவிட்டால், வழிகிற பெட்ரோல் காற்றுக்குழாய் வழியாகக் கடலுக்குத்தான் போகும். ரொம்ப நேரம் கழித்துத் திறந்து, அப்போது வால்வு வேலை செய்யாவிட்டால் அதைவிட மோசம். 2015 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குத் தனியாக ஒரு சிர்ரஸ் விமானத்தை ஓட்டிப் போனவருக்கு இதுதான் நடந்தது. கூடுதல் தொட்டியில் எரிபொருள் இருந்தது, ஆனால் இன்ஜின் பக்கம் வர மறுத்தது. ஹவாயின் மவுயி தீவுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே, விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட்டை விரித்துக் கடலில் இறங்கினார், பக்கத்தில் வந்த பயணக் கப்பல் அவரைத் தூக்கிக்கொண்டது. அதனால்தான் இறக்கைத் தொட்டியில் கொஞ்சம் இடம் விழுந்ததும், கரை கண்ணில் இருக்கும்போதே கூடுதல் தொட்டியைத் திறந்து பார்க்கச் சொல்கிறோம். வரவில்லையா, திரும்பி வந்துவிடலாம்.

திரும்புவது என்றேனே, அதற்கும் ஒரு எல்லை உண்டு, விமானிகள் பிஎன்ஆர் என்பார்கள், திரும்ப முடியாத புள்ளி. கையில் இருக்கும் நேரத்தைத் திரும்பி வரும் வேகத்தால் பெருக்கி, போகும் வேகமும் வரும் வேகமும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். ஒன்பதரை மணியில் 45 நிமிடத்தைத் தொடாமல் வைத்தால் எட்டேமுக்கால் மணி. எதிர்க்காற்றில் போக மணிக்கு 180 கிலோமீட்டர், அதே காற்று பின்னாலிருந்து தள்ள வர 260. கிளம்பி 5 மணி 10 நிமிடத்தில், சென்னையிலிருந்து சுமார் 930 கிலோமீட்டரில் அந்தப் புள்ளி வரும். அதைத் தாண்டிவிட்டால் போர்ட் பிளேர்தான், வானிலை எப்படி இருந்தாலும்.

இதில் எனக்கு எப்போதும் பயம் தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. 10,000 அடியில் பறக்கும்போது சாதாரண ரேடியோ 230 கிலோமீட்டர் வரைக்கும்தான் எட்டும். அந்தப் புள்ளியில் போர்ட் பிளேர் இன்னும் 440 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே மழை கொட்டுகிறதா என்று கேட்கக் குரல் எட்டும் நேரத்தில், திரும்புகிற வழி ஏற்கெனவே மூடியிருக்கும்! அதனால் தூரத்துக்கு எட்டும் எச்எஃப் ரேடியோவோ சாட்டிலைட் போனோ இல்லாமல் இந்தப் பயணத்தைத் தொடக்கூடாது. ஐந்து மணி நேரம் ஆவதற்குள் கடைசி வானிலைச் செய்தி கையில் வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றால் திரும்ப வேண்டும். அந்த நேரத்தைத் தரையிலேயே கணக்குப் போட்டுத் தொடையில் கட்டிய தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு மனசு ஆயிரம் சமாதானம் சொல்லும்.

வானிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கக் கடலில் சித்திரை, வைகாசியிலும், ஐப்பசி முதல் மார்கழி வரையும் புயல் காலம். இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும், கிளம்பும் காலையில் ஒரு படம் பார்த்தால் போதாது. இடிமேகத்தை விட்டு 35 கிலோமீட்டருக்கு மேல் ஒதுங்கிப் போக வேண்டும், அப்படிச் சுற்றுவதற்கும் பெட்ரோல் வேண்டும். வெப்பமான, ஈரமான காற்றிலும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டி இன்ஜின் திணறும் என்பதைப் பலர் நம்புவதே இல்லை. ஆனால் உண்மை. இன்ஜின் நின்றுபோனால் 10,000 அடியிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் மிதந்து வரலாம். நம் ஊர் மேல் என்றால் அதற்குள் வறண்ட ஏரி ஒன்று கிடைத்துவிடும். கீழே தண்ணீர் இருந்தால் என்ன என்று கேட்டாயே அம்மா, இதுதான் என்ன.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அவள் இன்னொன்றும் கேட்டாள், "ஆடி மாசம் காத்து பின்னாலருந்து அடிச்சா, நல்லதுதானே சார்?" போய்ச் சேர நல்லதுதான். ஆனால் எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள், போக 260, வர 180. அதே பெட்ரோலுக்கு அதே 930 கிலோமீட்டரில்தான் புள்ளி விழுகிறது, ஆனால் கிளம்பி 3 மணி 35 நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. அப்போது தொட்டியில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கும்.